நிலநடுக்கமும் அம்மிக் குழவியும்

பாறையைத் துளைத்துப் பார்க்கும் வேலையில் மழையிலே விறைத்தவர்களுக்குத் தெரியும்: நாம் தோண்டி எடுப்பது கல், சுற்றி நிற்பவர்கள் கேட்பது வாக்குறுதி. எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்துக் கொத்மலையில் எனக்கு அந்த வேலை. அணைத் தண்ணீரில் மூழ்கப்போகும் லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த ஆட்களுக்கு மேட்டில் வீடு கட்டலாமா என்று பார்த்தோம். நிலம் கூடாது என்றால், இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி வைத்திருந்த குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

முதல் தேங்காய்

இயந்திரத்தை இறக்கியதும் கங்காணி ராமையா கற்பூரமும் தேங்காயுமாக வந்து நின்றார். தேயிலை பேக்டரியில் சுற்றும் சக்கரங்களுக்குக் காவல் ரோதைமுனி. அவரைக் கும்பிடாமல் எதுவும் சுற்றக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். எங்கள் அதிகாரி, தென்கரைக் காலி நகரத்திலிருந்து வந்த இளம் நிலவியலாளர். ஐயா என்பதற்குச் சிங்களத்தில் மாத்தயா; நாங்களும் அப்படியே அழைப்போம். அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எவ்வளவு ஆழம் போவோம் என்று கங்காணி என்னிடம் விசாரித்தார். சொன்னேன்.

"அப்ப ஒரு தேங்கா பத்தாது தம்பி."

ஓர் அங்குலம்

குழாயில் உருளை உருளையாக வரும் பாறையை வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்குவது என் பொறுப்பு. ஒரு நாள் வந்த உருளையில் வெள்ளைக் கோடு ஒன்று பாதியில் அறுந்து, ஓர் அங்குலம் விலகித் தொடர்ந்தது. மாத்தயா அதை இரண்டு கையாலும் எடுத்தார். பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாகப் பிரிந்து, நகம் வளரும் வேகத்தில் நகர்கிறதாம். நெருக்குதல் தாங்காமல் பாறை பிளந்து சட்டென்று வழுக்கும்போதுதான் நிலம் நடுங்குகிறதாம். மனிதனே இல்லாத காலத்து நடுக்கம் ஒன்று என் கண்முன்னே இருக்கிறது என்று உறைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாத்தயாவும் குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் சொன்னார்:

"இது விலகிய அன்றைக்கு இந்த மலையே குலுங்கியிருக்கும்."

காணாமல் போன கல்

நான் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தால், கடைசித் துளையின் பெட்டியில் ஒரு முழத்துக்கு இடைவெளி. மாத்தயா முகம் சுருங்கினார். பாறை நொறுங்கிக் கிடந்தால்தான் உருளை வராது, நொறுங்கியிருந்தால் அங்கே பெரிய பிளவு ஓடும், லயத்து ஆட்களுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான் என்றார். யாராவது எடுத்துப் போயிருப்பார்களோ என்று நான் லயம் லயமாக விசாரித்துக்கொண்டு போனேன்.

கொழுந்து பறிக்கும் செல்லம்மாக்கா வீட்டு அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தது எங்கள் பாறை. சும்மாதானே கிடக்கிறது, குழவிக்கு வாகாக இருக்கிறதே என்று எடுத்து வந்தாராம். தன் வீட்டுக்கான நிலத்தைத்தான் அரைத்துக்கொண்டிருந்தார், பாவம். கழுவி எடுத்துக்கொண்டு இருவருமாக ஓடினோம். மாத்தயா இடைவெளியில் வைத்ததும் இரண்டு முனையும் பிசிறில்லாமல் பொருந்தின. பிளவு இல்லை, இங்கேயே வீடு கட்டலாம் என்றார்.

செல்லம்மாக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார். அவர் வீட்டுக்காரர் இந்தியாவுக்குப் போகப் பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தார். கொஞ்சம் தெளிந்ததும் அக்கா, இங்கே பூமி ஆடவே ஆடாதா என்று கேட்டார். எப்போதாவது ஆடலாம், ஆனால் இந்தியாவும் இலங்கையும் ஒரே தட்டில் சேர்ந்து போகின்றன, அதன் விளிம்பு வெகுதூரம், அதனால் அதிகம் பயமில்லை என்றேன். தரையைக் கையால் தட்டிக் காட்டிக் கேட்டார்:

"ரெண்டும் ஒரே தட்டுதான்னா, எங்க ஆளுகள எங்கருந்து எங்க தம்பி அனுப்புறாங்க?"