முப்பத்திரண்டு ஜிபிக்குள் ஒரு பாக்டீரியா

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. லீவில் ஊருக்கு வந்தவள், சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, சென்னையில் நான் படித்த ஆய்வுக்கூடத்தின் கிளஸ்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கிளஸ்டர் என்றால் பல கணினிகளை ஒன்றாகக் கோத்த ஏற்பாடு. எங்கிருந்தும் வேலை கொடுக்கலாம். நான் கொடுத்த வேலை, ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை லட்சக்கணக்கான துண்டுகளிலிருந்து ஒட்டி முழுசாக்குவது. எட்டு ஜிபி மெமரி கேட்டேன், பதினாறு கேட்டேன், ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று வைத்திருந்த முப்பத்திரண்டும் கேட்டேன். மூன்று தடவையும் பாதியில் செத்தது. வரம்பு மீறியதால் நிறுத்தப்பட்டது என்று ஒரே ஒரு வரி. ஆத்திரத்தில் கீபோர்டைக் குத்தி, கடைக்கார பாயிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

பேராசிரியர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். “திங்கட்கிழமைக்குள்ள முடியலைன்னா சீனியர்கிட்ட குடுத்துடறேன். பெரிய மெமரி மெஷின் அவர் கையிலதான் இருக்கு.” கொடுத்தால் கட்டுரையில் அவர் பெயர் முதலில், என் பெயர் வாலில். இரண்டு வருடம் அந்தக் கிருமியை வளர்த்தவள் நான்.

சாயங்காலம் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேனில் வந்து இறங்கினாள். குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்கும் வேலை அவளுக்கு.

“மூஞ்சிய ஏண்டி உர்ருன்னு வச்சிருக்க?”

“துண்டெல்லாம் அடுக்க எடம் பத்தலம்மா.”

“அம்புட்டும் நல்ல துண்டா?”

“மரபணுவ வாசிக்கிற மெஷின் தப்பா வாசிச்ச துண்டும் உள்ள கெடக்கும்.”

“அதையும் சேத்தா அடுக்குற? வளைஞ்ச குச்சியும் சட்டத்துல ஒரு எடம் பிடிக்குமில்ல. நல்லா படிச்ச போ.”

எனக்குச் சுருக்கென்றது. என் பாக்டீரியாவின் ஒரு எழுத்தைக்கூட விடமாட்டேன் என்ற வீம்பில் எதையும் கழிக்காமல் வைத்திருந்தேன். சரியாக வாசித்த துண்டு திரும்பத் திரும்ப வரும். பிழையானது அநேகமாக ஒரே ஒரு தடவைதான் வரும். மறுநாள் ஞாயிறு காலை, ஒற்றையாய் வந்தவற்றை முதலில் கழித்துவிட்டு அதே வேலையைக் கொடுத்தேன். மெமரி பதினொன்று ஜிபி வரை ஏறி அங்கேயே நின்றது. மத்தியானத்துக்குள் முடிந்தது. அந்தத் திரையின் முன்னால் என்னை விடக் கெட்டிக்காரி உலகத்திலேயே இல்லை என்று இருந்தது. இன்றைக்கும் அந்தப் பெருமை எனக்குக் குறையவில்லை.

“எந்த மெஷின்ல ஓட்டினே?” என்று பேராசிரியர் கேட்டார்.

“அதே மெஷின்லதான் சார்.”

“சரி, நீயே எழுது. உன் பேர்தான் முதல்ல” என்றார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், அவளோடு வேனில் வரும் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றாள். “ஏம்மா, மெட்ராஸ்ல கம்ப்யூட்டரு ரிப்பேராயி, ஒங்கம்மாதேன் சொல்லிக் குடுத்துச் சரிபண்ணுனாகளாமே? வேன் பூராம் அதே பேச்சுத்தேன்.”

உள்ளே அம்மா பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது.

“ஆமாக்கா, அம்மாதான்” என்றேன்.