வலது காது இருக்கும்போதே

சிவகாசியில் காகிதக் கடை வைத்திருந்த ஜமால் முகம்மதுக்குச் சின்ன வயதிலிருந்தே தூரப் பார்வை மங்கல். கண்ணாடி போட்டால் வண்டி ஓட்டலாம், இலைக்குள் இருக்கும் பறவை தெரியாது. பறவைகளைக் காதால்தான் அறிவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மாய்க் கரையில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். ஆள்காட்டி, செம்போத்து, கொண்டலாத்தி என்று ஒவ்வொன்றாகக் காதில் வந்து விழும். தொழுகைக்கு அடுத்தபடி அவருக்கு நிம்மதி தந்தது அதுதான்.

2005 தீபாவளி சீசனில், லேபிள் தாள் ஆர்டர் விஷயமாக விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனார். வாசலில் வண்டியை நிறுத்தும்போது வெடிமருந்து அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைக்கவில்லை. இவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இடது காது அன்றோடு போயிற்று. வலது காதும் குறைந்துகொண்டே வந்தது. மதுரை டாக்டர் எதையும் மறைக்கவில்லை. மிச்சமும் போய்விடும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

அதிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. மலைக்காட்டு ஓடைகளில் சீகாரப் பூங்குருவி என்று ஒன்று உண்டு. அது பாடினால் ஆள் சீட்டியடிப்பது போலவே இருக்குமாம். அதை அவர் கேட்டதே இல்லை. அடுத்த ஆனியில் மலையில் மழை பிடித்ததும் கடையைப் பூட்டினார். மனைவி உம்மு சல்மாவை ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பின்னால் வரும் லாரியின் ஹாரன் அவருக்குக் கேட்காது. சல்மாதான் தோளைத் தட்டித் தட்டி ஒதுங்கச் சொன்னாள்.

தேக்கடியில் மழை இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. இரவிகுளம் தேசியப் பூங்காவில் எதிரே நிற்கும் ஆளே தெரியாதபடி மூடுபனி. அங்கிருந்து டாப்சிலிப் போனார்கள். அன்று மழை விட்டிருந்தது. வனத்துறை வழிகாட்டி அவர்களை ஓர் ஓடைக்குக் கூட்டிப்போனார்.

"ஏங்க, பாடுது" என்று சல்மா அவருடைய வலது காதுக்குள் கத்தினாள்.

"எங்கன?"

அவள் பாறையைக் காட்டினாள். பைனாகுலரில் பார்த்தார். கருநீலப் பறவை. அலகு திறந்தது, தொண்டை புடைத்து அடங்கியது. அவர் காதில் வெறும் ரீங்காரம்தான்.

"இப்பவும் பாடுதா?"

"பாடுதுங்க."

செருப்போடு ஓடைக்குள் இறங்கினார். "சார், கிட்டப் போகாதீங்க" என்றார் வழிகாட்டி. அது அவருக்குக் கேட்கவில்லை. பறவை எழுந்து பறந்துவிட்டது.

முழங்கால் தண்ணீரில் நின்று உள்ளங்கையால் வலது காதை அறைந்துகொண்டார். "எம்புட்டுத் தூரம் வந்தோம் சல்மா. ஒரே ஒரு சத்தந்தானே கேட்டேன்."

சல்மா சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தான் கேட்டதை அப்படியே அவர் காதோடு சீட்டியடித்துப் பார்த்தாள். ஆயுளில் அவள் சீட்டியடித்ததே இல்லை. காற்றுதான் வந்தது. வழிகாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேட்டுச்சாங்க?"

"மூச்சுதான் தெரியுது."

அவள் விடவில்லை. உதடு வறண்டு போகும்வரை ஊதினாள். கடைசியில் அவர்தான், "போதும், வா" என்று கரையேறினார்.

முதுமலை வரை போவதாக இருந்தவர்கள் பொள்ளாச்சி வழியாக ஊர் திரும்பினார்கள். அந்த ரமலானுக்குள் வலது காதும் முழுக்க அடைந்துவிட்டது. கடையில் ஆட்கள் சீட்டில் எழுதிக் காட்டி ஆர்டர் கொடுக்கிறார்கள். கண்மாய்ப் பக்கம் அவர் போவதில்லை.

கொல்லை வேப்பமரத்தில் குயில் கூவினால் சல்மா அவரிடம் சொல்வதில்லை. ஆனால் துணி காயப்போடுகிறவள் கை ஓய்ந்து நிற்பதைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும். எழுந்து உள்ளே போய்விடுவார்.