பாறை ஏறும் வண்டி

மலேசியாவின் மேருவில் வண்டிப் பட்டறை வேலை பார்க்கும் லூர்துசாமி அண்ணன், திருச்சியிலிருந்து முதல்முறையாக வரும் மனைவிக்கு, ஜீப் மட்டுமே போகக்கூடிய ஒரு காட்டருவியைக் காட்ட நினைத்தார். முதலாளியின் பழைய ஜீப்புக்கு ஸ்பிரிங் எங்கும் கிடைக்கவில்லை. லோரி ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்தினார். வண்டி நன்றாக உயர்ந்தது. ஆனால் ஸ்பிரிங் வளைந்து கொடுக்காமல் கல்லாக இறுகிவிட்டது.

வந்திறங்கிய மனைவி ஸ்டெல்லா அக்காவை ஸ்டூல் போட்டு ஏற்றினார்.

“மாதாவைத் தேர்ல ஏத்துற மாதிரியில்ல ஏத்துறீங்க!” என்று அக்கா சிரித்தார்.

முதல் பள்ளத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “முடியலைங்க. இறக்கி விட்டுடுங்க.”

அந்த மூட்டுவலியைத் தினமும் போனில் விசாரித்தவர்தான் அண்ணன். ஸ்பிரிங் பொருத்தும்போது அது எப்படி நினைவுக்கு வராமல் போனது? தூரத்திலிருந்து கேட்கும் வலி வெறும் செய்திதானா?

அக்கா கிளம்புவதற்குள் ஸ்பிரிங்கைக் கழற்றி மாற்ற நாளில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் சேலை வாங்கிக்கொண்டு அக்கா ஊர் திரும்பினார். அருவிக்கு அண்ணன் இன்னும் போகவில்லை.