ரசமட்டத்தில் நிற்காத முகம்

வாய் கொப்பளித்துத் துப்பினால் தண்ணீர் நேராக விழவில்லை. இடது கடைவாய் வழியாக ஒழுகிச் சட்டைக் காலரை நனைத்தது. மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் இடது பக்கம்தான். வாஷ்பேசின் சாய்ந்திருக்கிறது என்று முடிவு செய்தேன்.

சிரிக்க வேண்டாம். நான் கட்டடப் பொறியாளன். தண்ணீர் ஒரு பக்கமாக ஓடினால் எங்களுக்குத் தளத்தின் மீதுதான் முதலில் சந்தேகம் வரும். ரசமட்டத்தை (நடுவில் நீர்க்குமிழி மிதக்கும், சமதளம் பார்க்கும் கருவி) எடுத்து வந்து வாஷ்பேசின் விளிம்பில் வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. அதன் பிறகுதான் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தேன்.

சாய்ந்திருந்தது நான்.

இடது புருவம் இறங்கியிருந்தது. இடது கண் இமைக்க மறந்து வட்டமாக விழித்தது. சிரித்துப் பார்த்தேன். வலது பாதி சிரித்தது. இடது பாதி, அழைப்பில்லாமல் விசேஷ வீட்டுக்கு வந்துவிட்டவனைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இப்படி ஆகியிருந்தால், தயவுசெய்து ரசமட்டம் தேட வேண்டாம். யாரையாவது கூட்டிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வந்திருப்பது முகவாதமா பக்கவாதமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் தனியாக, பைக்கில், காளவாசல் சிக்னலின் தூசி மொத்தத்தையும் மூடாத கண்ணில் வாங்கிக்கொண்டு போனேன். அதைப் பின்பற்றாதீர்கள்.

நரம்பியல் மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. நெற்றியைச் சுருக்கச் சொன்னார். கண்ணை இறுக மூடச் சொன்னார். கன்னத்தை உப்பவைக்கச் சொன்னார். மூன்றிலும் பாதி மதிப்பெண்தான் வாங்கினேன். வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல மேடம்."

"வீட்ல யாரும் இல்லையா?"

"வீடே இன்னும் முடியல மேடம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். மூளைக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கலாமா என்று யோசித்திருப்பார். நான் உண்மையைத்தான் சொன்னேன். அந்த வீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"பக்கவாதமா இருந்தா நெத்தி சுருங்கியிருக்கும். உங்களுக்கு நெத்தியும் சேந்து படுத்திருச்சு. அது நல்ல சேதி" என்றார். எனக்கு வந்திருப்பது பெல்ஸ் பால்சி (முகவாதம்: காதுக்குப் பின்னால் எலும்புக் குழாய்க்குள் ஓடும் முக நரம்பு வீங்கி நசுங்குவதால் ஒரு பக்க முகம் செயலிழப்பது). குழாய்க்குள் அடைப்பு என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வீக்கம் வடிய ஸ்டீராய்டு மாத்திரை, கண் வறளாமல் இருக்கச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை மூடி ஒட்டிக்கொள்ள ஒரு டேப். பிறகு முகப்பயிற்சி.

"நசுங்குன நரம்பு வளந்து வரணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளந்தாலே பெரிசு. கண்ணாடி பாத்து மெதுவாச் செய்யுங்க. காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். முக்கி முக்கிச் செய்யக்கூடாது."

"கூடுதலாச் செஞ்சா சீக்கிரம் சரியாகுமா மேடம்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "படிக்கிறப்ப நீங்க ஃபர்ஸ்ட் ரேங்கா?"

"ஆமா மேடம்."

"அதான் பயமா இருக்கு."

இப்போது வீட்டுக்கு வருவோம்.

காளவாசல் தாண்டி மேற்கே சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். கட்டியதைவிட இடித்தது அதிகம். மாடிப்படியில் ஒரு படி மட்டும் மயிரிழை உயரம் கூடிவிட்டது என்று மொத்தப் படியையும் உடைக்கச் சொன்னேன். சமையலறை டைல்ஸை ஒட்டுவதும் உரிப்பதுமாக இருந்தேன். என் மனைவி சாந்திக்கு வாடிப்பட்டியில் ஆசிரியை வேலை. "வீடு முடியட்டும், பால் காய்ச்சிட்டு வந்துருங்க" என்று அவளையும் மகள் யாழினியையும் வாடிப்பட்டியில் மாமனார் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தேன். காவலுக்கு என்று நான் மட்டும் சிமெண்ட் மூட்டைகளோடு ஒரு அறையில் குடியேறினேன். ஒவ்வொரு தை மாதமும் குடிபுகுவது அடுத்த தைக்குத் தள்ளிப்போனது.

ஏன் இப்படி? என் அப்பாவும் அம்மாவும் திருவாதவூரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் தெருவில் முதன்முதலாகப் பொறியியல் படித்தவன் நான். வேறொருவன் கட்டிய சுவர் சாய்ந்தால் சிமெண்டைக் குறை சொல்வார்கள். நான் கட்டியது சாய்ந்தால் எங்கள் தெருவைச் சொல்வார்கள். இதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லாமலே தெரிந்திருந்தது. அதனால் நான் கட்டிய எந்தச் சுவரும் சாயவில்லை. சுவர்களுக்கு நடுவில் இருக்க வேண்டியவர்கள்தான் வாடிப்பட்டியில் இருந்தார்கள்.

முகவாதத்தை அவர்களிடம் சொல்லவில்லை. சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

வீடியோ அழைப்பு வந்தால் சிக்னல் இல்லை என்பேன். குரல் அழைப்பிலோ வேறு சிக்கல். உதடு ஒட்டினால்தான் ப-வும் ம-வும் வரும். எனக்குப் பாதி உதடு ஒட்டவில்லை, காற்று ஒழுகியது. ஆகவே அந்த எழுத்துகள் இல்லாத சொற்களாகத் தேடித் தேடிப் பேசினேன். 'சாப்பிட்டாச்சா' என்பதை விட்டுவிட்டு 'தின்னாச்சா' என்றேன். தமிழில் அவை இல்லாமல் ஒரு வாக்கியம் அமைப்பது மாடிப்படி கட்டுவதைவிடச் சிரமம். நான் அதையும் கச்சிதமாகச் செய்தேன்.

நாக்கின் ஒரு பாதியில் ருசி இல்லை. இடது காதில் சத்தங்கள் பெரிதாக விழுந்தன. பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கும் கட்டர் ஓடினால் மண்டைக்குள் ஓடுவது போலிருக்கும். இந்த நோயில் வலியைவிடப் பெரியது ஒன்று உண்டு. நம் முகத்தைப் பார்த்து எதிரில் இருப்பவர் முகம் மாறுவது. அதைத் தவிர்க்க எதிரில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ஜன்னலுக்கு இன்னும் திரை போடாத வீட்டில், என்னைப் பார்க்க நான் மட்டுமே இருந்தேன். நானும் அவ்வளவு நல்ல பார்வையாளன் இல்லை.

ஒருநாள் கொத்தனார் பாண்டி, விட்டுப்போன மட்டப்பலகையை (பூச்சைச் சமன்செய்யும் நீளக் கட்டை) எடுக்க வந்தான். முன்பு என்னோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி டைல்ஸ் உரித்தவன்.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு பக்கம் செட்டாயிருச்சு?"

விவரம் சொன்னேன்.

"விடுங்கண்ணே. கட்டடத்துக்குத் திருஷ்டி பொம்மை வாங்குற செலவு மிச்சம். நீங்களே வாசல்ல நின்னுக்கங்க."

சிரித்தேன். முகத்தில் பாதிதான் சிரித்தது என்றாலும் பல நாள் கழித்துச் சிரித்தது. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "மதினிக்குத் தெரியுமா?"

"சரியானதும் சொல்லுவேன்டா."

"சமையக்கட்டு மாதிரியா?" என்றான். மட்டப்பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் போனதும் கண்ணாடி முன் உட்கார்ந்தேன். மருத்துவர் சொன்ன 'கொஞ்சம்' என்பது குறைந்தபட்ச அளவு, என்னைப் போன்றவனுக்கு இல்லை என்று எனக்கு ஓர் எண்ணம். காலை முதல் சாயங்காலம் வரை பல்லை இளித்தேன். கண்ணை இறுக்கினேன். தாடை கழன்றுவிடும் போல சூயிங்கம் மென்றேன். இணையத்தில் பார்த்து, முகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு கருவியையும் யாரிடமும் கேட்காமல் வாங்கினேன். பத்து வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் உற்சாகத்தோடு கன்னத்துக்குக் கொடுத்தேன்.

பலன் வந்தது. முதலில் மூக்கோரம் ஒரு துடிப்பு. பிறகு உதடு அசைந்தது. புருவம் ஏறியது. மகிழ்ச்சியில் கண்ணாடியைப் பார்த்து முழுதாகச் சிரித்தேன்.

இடது கண் மூடிக்கொண்டது.

மறுபடி சிரித்தேன். மறுபடி மூடியது. வாய்க்குப் போட்ட சுவிட்சில் கண்ணின் விளக்கு எரிந்தது. நான் என்னுடைய தளத்தில் ஒயரிங் இப்படி இருந்தால் எலக்ட்ரீசியனை என்ன சொல்லியிருப்பேன் என்று எழுத முடியாது.

மருத்துவர் இதற்கு சின்கினீசிஸ் (வழிமாறி வளர்ந்த நரம்பிழையால், ஒரு தசைக்குப் போகும் கட்டளைக்கு இன்னொரு தசையும் கீழ்ப்படிவது) என்று பெயர் சொன்னார்.

"நான் அதிகமாச் செஞ்சதாலயா மேடம்?"

"உங்களாலதான்னு சொல்ல முடியாது. சிலருக்குத் தானாவும் வரும். ஆனா நீங்க செஞ்சது எதுவும் உதவி பண்ணல. அந்த மிஷினைத் தூக்கி உள்ள வைங்க. ஒரு மாசத்துக்கு ஒண்ணுமே செய்யாதீங்க. அப்புறம் புதுசா மெதுவாப் பழகலாம்."

"முழுசா மாறிருமா?"

"குறையும். கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்."

ஒன்றுமே செய்யாமல் இருப்பது எந்தப் பாடத்திலும் எனக்கு வந்ததில்லை. கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். வெயில் தரையில் ஊர்ந்து சிமெண்ட் மூட்டை மீது ஏறி இறங்கியது. அந்த வீட்டில் வெயில் எங்கே விழுகிறது என்றே அதுவரை நான் பார்த்திருக்கவில்லை. நல்ல வீடு. ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேட் சத்தம் கேட்டது. ஜன்னலில் பார்த்தால் சாந்தியும் யாழினியும். அவசரமாக முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"கழட்டுங்க" என்றாள் சாந்தி.

கழற்றினேன். பாண்டி சொல்லிவிட்டானோ என்று நினைத்தேன். அவன் சொல்லவில்லை.

"அப்பாவுக்கு எம்மேல என்ன கோபம்?" என்றாள் யாழினி. "ஏன் எப்பப் பாத்தாலும் பேரைச் சொல்லியே கூப்பிடுறீங்க? பாப்பான்னு கூப்பிட மாட்டேங்கிறீங்க?"

எனக்கு இதைத்தான் கணக்கில் எடுக்கத் தெரியவில்லை. அவள் பெயரில் உதடு ஒட்டும் எழுத்து இல்லை என்று நான் நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவள் வாடிப்பட்டியில் உட்கார்ந்து தான் செய்த தப்பு என்னவென்று தேடியிருக்கிறாள்.

சமாளிக்கச் சிரித்தேன். கண் மூடிக்கொண்டது.

"அம்மா, அப்பா கண்ணடிக்கிறாரு!"

சாந்தி சிரிக்கவில்லை. "வீடு முடிஞ்சப்புறம் வாங்கன்னீங்க. சரின்னு இருந்தோம். இப்ப மூஞ்சியும் முடிஞ்சப்புறமா?"

ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அதுவும் ஒரு பக்கமாகத்தான் கோணியது. காற்று ஒழுக ஒழுக, "பாப்பா" என்றேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள் அவள்.

சாந்தி பையிலிருந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். டைல்ஸ் உரித்த சுவரைப் பார்த்தாள். என் ஒற்றை அடுப்பை மேடையில் வைத்துப் பற்றவைத்தாள்.

"நல்ல நேரம் பாக்க வேணாமா?"

"ஞாயித்துக்கெழமை. எனக்கு லீவு. அதான் நல்ல நேரம்."

பால் பொங்கி வழிந்தது. மேடையில் விழுந்து, நிற்காமல் இடது பக்கமாக ஓடியது. மேடை சாய்ந்திருந்தது. நான் பார்த்துப் பார்த்துப் போட்ட கடப்பைக்கல் மேடை. ரசமட்டம் ஜன்னல் விளிம்பில்தான் கிடந்தது. என் கை அந்தப் பக்கம் போனதை நானே பார்த்தேன். சாந்தியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துப் பாலைத் துடைத்தேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவர்கள் திரும்பிப் போனார்கள். சனிக்கிழமை வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை பெட்டியோடு வந்தார்கள். வாடிப்பட்டிக்கு இங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள் சாந்தி. எப்போதும் போய் வந்திருக்கலாம்.

பாண்டி சமையலறை டைல்ஸை ஒட்டி முடித்தான். "பாக்கலையாண்ணே?" என்று ரசமட்டத்தை நீட்டினான். "நல்லா இருக்கு" என்றேன். அவன் பயந்துபோய், காய்ச்சல் இருக்கிறதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

மாற்றம் முழுமையானது என்று எண்ண வேண்டாம். இப்போதும் சமையலறை டைல்ஸின் மூன்றாவது வரிசை என் கண்ணை உறுத்துகிறது. தண்ணீர் குடிக்கும்போது வலது பக்கமாகச் சாய்த்துக் குடிக்கிறேன். களைத்த நாளில் உதடு லேசாக இறங்குகிறது. உடம்பு அப்படித்தான் போதும் என்று சொல்கிறது, நானும் படுத்துவிடுகிறேன். மில்லிமீட்டர் என்பது முன்பெல்லாம் நான் சண்டை போடும் அளவு. இப்போது அது ஒரு முழு நாளின் பெயர்.

கண் இன்னும் மூடிக்கொள்கிறது. யாழினிக்கு அது விளையாட்டு. பள்ளியில் நடந்ததைச் சொல்லி என்னைச் சிரிக்கவைத்து, கண் மூடியதும் கைதட்டிச் சிரிப்பாள். அதனால் அவள் சிரிக்கும்போதெல்லாம் ஒரு கண்ணால்தான் அவளைப் பார்க்கக் கிடைக்கிறது.

இரண்டு கண்ணும் நன்றாக இருந்த காலத்தில், அவள் வாடிப்பட்டியில் இருந்தாள்.