எதிரே எழாத கை

தையல்காரர் சம்பாதித்ததில் பாதி பழைய போனோகிராப் பாட்டுப்பெட்டிகளுக்கே போயிற்று. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் பீரோ மேலும் கூம்புகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். "வர்றவங்க உக்காரணும்னா இனிமே இதுக்குள்ளதான் உக்காரணும்" என்பாள் மனைவி.

ஏலக்கூடத்தில் அவருக்கு ஒரே ஒரு எதிரி, பல் டாக்டர். இருவரும் முகம் பார்த்துப் பேசியதே இல்லை. தையல்காரர் கை தூக்கினால் முன்வரிசையில் டாக்டரின் கையும் எழும். விலை விறுவிறுவென்று ஏறும். ஒருமுறை நீலக் கூம்பு வைத்த பெட்டி ஒன்று வந்தது. சாயம் உதிர்ந்திருந்தாலும் பழைய சாயம். மறுபூச்சு அடிக்காத கூம்புக்குத்தான் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். கடையின் தையல் மிஷின் ஒன்றை விற்கத் துணிந்து கேட்டும், டாக்டர் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ஊரார் பல்லப் பிடுங்குறது போதாதா? என் வயித்தெரிச்சலையும் கொட்டிக்கணுமா அந்த ஆளு?" என்று வீட்டில் வந்து பொருமினார்.

பிறகு சில ஏலங்களுக்கு டாக்டர் வரவில்லை. தையல்காரருக்குக் கொண்டாட்டம். நல்ல பெட்டிகள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன.

அடுத்த ஏலத்தன்று அவர் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டார். மேசை நிறையப் பெட்டிகள். எல்லாம் அவர் டாக்டரிடம் தோற்றவை. நடுவே அந்த நீலக் கூம்பு. ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தாள்.

"எங்கப்பாவோடது. அவர் தவறிட்டார்" என்றாள்.

நீலக் கூம்பு ஏலத்துக்கு வந்தது. தையல்காரர் கை தூக்கினார். வேறு யாரும் அசையவில்லை. அவர் கேட்ட விலை, அன்று டாக்டர் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஏலம் போடுகிறவர் சுத்தியலை ஓங்கும்போது தையல்காரர் மறுபடி கை தூக்கினார்.

"ஐயா, நிக்கிறது உங்க விலைதான்."

"தெரியும். ஏத்துங்க."

கூடம் சிரித்தது. அவர் கையை இறக்கவே இல்லை. டாக்டர் கொடுத்த பழைய விலை வந்த பிறகுதான் இறக்கினார்.

வெளியே அந்தப் பெண் ஓடிவந்தாள். "அப்பாவோட சிநேகிதரா நீங்க?"

"ஒரு வார்த்தை பேசினதில்லம்மா."

"அப்புறம் ஏன் இப்படி?"

அவர், "எப்படிப் போனார்?" என்று மட்டும் கேட்டார்.

"ரொம்ப நாள் படுக்கையில இருந்தார். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமதான் தவிச்சார்."

ஏலம் எடுத்தவர்களின் முகவரி ஏலக்கூடத்திலேயே இருந்தது. டாக்டரின் வீடும் பக்கத்துத் தெருதான். ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்.

அதன் பிறகு ஒரேயொரு ஏலத்துக்குப் போனார். அருமையான பெட்டி ஒன்று வந்தது. விலை சொன்னார்கள், குறைத்தும் சொன்னார்கள். அவர் கை மடியிலேயே கிடந்தது. யாரும் கேட்காததால் பெட்டியை உள்ளே தூக்கிப் போனார்கள். அவரும் எழுந்து நடந்தார்.