ஒரே பெயருள்ள இரண்டு பிள்ளைகள்

2024 ஒக்டோபர் 17, வியாழக்கிழமை, காலை ஒன்பதே கால். சோளகக் காற்று அடங்கிவிட்டது, வாடைக் காற்று இன்னும் எழும்பவில்லை. பள்ளிமுனைக் கரையில் காற்றென்று ஒன்றும் இல்லை. கழுத்தில் வியர்வை வழியாமல் அப்படியே நின்றது. என் மகனின் விசா ஏன் நகரவில்லை என்பது எனக்கு அந்த நேரத்தில்தான் தெரியவந்தது.

மகன் படகு இயந்திரம் திருத்துகிறவன். 2022 பெப்ரவரியில் கோயிலில் தாலி கட்டினான். மருமகள் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவள். இருபத்து நான்கு நாள் எங்களோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போய், ஜூனில் கணவனை அழைக்க விண்ணப்பம் போட்டாள். நவம்பரில் பெண்பிள்ளை பிறந்தது. அதன் பிறகு அவள் எத்தனை தடவை கேட்டு எழுதினாலும் வந்த பதில் ஒன்றுதான்: பாதுகாப்புச் சோதனை நடைபெறுகிறது. அதில் ஒரு சொல்கூட மாறவில்லை. மருத்துவச் சோதனையும் பொலிஸ் நற்சான்றும் காலாவதியாகி, மறுபடி எடுத்து, அவையும் காலாவதியாகின.

கரையில் பெடியள் அவனை விசா மாப்பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஒருவன் என் காதுபடவே, "பயப்பிடாத மாப்பிள்ளை, உன்ர மகள் வளந்து உன்னை ஸ்பொன்சர் பண்ணுவாள்" என்றான். மகனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. செப்டம்பரில் மருமகள் அவனோடு பேசாமல் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, பிள்ளை போனைத்தான் அப்பா எண்டு கொஞ்சுது. நத்தாருக்குள்ள ஒண்டும் வராட்டி நான் வேற முடிவு எடுப்பன். பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ."

அந்த வியாழக்கிழமை அவளுடைய வக்கீல் கோப்பிலிருந்த குறிப்பை எடுத்து அனுப்பியிருந்தார். என் மகனின் பெயரும், தகப்பன் பெயரும், பிறந்த வருடமும் கொண்ட ஒருவன் போர்க்காலத்துச் சந்தேகப் பட்டியலொன்றில் இருக்கிறான். இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று காட்ட வேண்டும். மற்றவன் இறந்துவிட்டானென்றால் அவனுடைய மரணச் சான்றிதழ் போதும். காணாமல் போனவன் என்ற சான்றிதழ் உதவாது, அது சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்யும்.

அவன் யாரென்று நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் கோயில் திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் நவநாளில் பிறக்கும் ஆண்பிள்ளைக்குக் கோயிலின் புனிதருடைய பெயரைத்தான் வைப்போம். என் மகன் மூன்றாம் நாள் பிறந்தான். நான்கு வீடு தள்ளி, ஏழாம் நாள் மற்றவன் பிறந்தான். அவனுடைய தகப்பனுக்கும் எனக்கும் அதற்கு முன்பே ஒரே பெயர். எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சுவாமி கண்ட பிள்ளைக்கெல்லாம் தன் பெயரை வைத்தவர். அந்தத் தகப்பன் கடலோடு போனான். பிள்ளை போரின் கடைசிக் காலத்தில் மடுப் பக்கம் போய்த் திரும்பவில்லை. தாய் மட்டும் இருக்கிறாள். காணாமல் போனவர்களின் தாய்மார் தெருவோரம் பாய் விரித்து உட்காரும் நாட்களில் அவளும் படத்தோடு போய் உட்காருவாள். மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு வரும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை அவள் விளக்குமாற்றோடு அனுப்பியிருக்கிறாள். ஆனால் அவள் கையெழுத்தில்லாமல் காரியம் நடக்காது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்து மூன்று வருடம் எழுதுவினைஞனாக இருந்த எனக்கு அது தெரியும்.

அன்று பின்னேரமே அவள் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் சட்டி மினுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து கதிரை போட்டாள். வக்கீல் எழுதியதை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"அப்ப உங்கட பிள்ளை போறதுக்கு என்ர பிள்ளை சாக வேணும். அப்பிடித்தானே அண்ணன்?"

"ஓம்" என்றேன்.

ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அந்த நாட்டுக்காரர் அவனைத் தேடினமோ?" என்று கேட்டாள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்றேன். அவள் முகம் தெளிந்தது. பதினாறு வருடமாக அவளைத் தவிர ஒருவரும் தேடாத பிள்ளையை ஒரு நாடே தேடுகிறது. இல்லாத ஆளை யாராவது தேடுவார்களா என்று என்னையே கேட்டாள். தேநீர் தந்தாள், சீனி அதிகம். அந்தக் குறிப்பில் தனக்கொரு பிரதி வேண்டுமென்றாள். கையெழுத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான்கு நாள் யோசித்தேன். திங்கட்கிழமை பிரதியோடு போனேன். வாங்கி, ஆங்கிலத்தில் இருந்த அவன் பெயரைக் காட்டச் சொல்லி விரலால் தடவினாள். அப்போது சொன்னேன்.

"தங்கச்சி, தேடுறது மாலை போடவோ? கண்டால் பிடிச்சு இஞ்ச அனுப்புவாங்கள். இஞ்ச ஆர் நிப்பாங்கள் எண்டு உனக்குத் தெரியும்."

விரல் நின்றது.

"தேடாமல் விடுறதுக்கு என்ன வழி?"

"செத்தவனை ஒருத்தரும் தேடமாட்டாங்கள்."

"கடதாசியில மட்டும்தானே அண்ணன்?"

"கடதாசியில மட்டும்தான்."

அவன் உயிரோடு இருப்பான் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கிராம அலுவலர் விதானையிடம் அவளை நானே கூட்டிப்போனேன். பிரதேச செயலகத்தில் என்னிடம் வேலை பழகிய ஒருவர் இருந்தார். மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் இழுபடுவது எங்களுக்குப் பத்தொன்பது நாளில் முடிந்தது. காட்டிய இடங்களிலெல்லாம் அவள் கையெழுத்து வைத்தாள். ஆட்டோவில் திரும்பும் வழியில், இனி அவனுக்குப் பயமில்லை என்று இரண்டு தடவை சொன்னாள்.

செய்தி ஊரில் தங்குமா? அடுத்த முறை அவள் படத்தோடு போனபோது, மகனை விற்றவளுக்கு இங்கே என்ன வேலை என்று ஒருத்தி பாயைச் சுருட்டினாளாம். காரணத்தைச் சொன்னால் பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று இவள் வாய் திறக்காமல் திரும்பி வந்துவிட்டாள். அதன் பிறகு போவதில்லை.

டிசம்பர் 19இல், நத்தாருக்கு ஆறு நாள் இருக்க, விசா வந்தது. அந்தத் தாய் மனமிரங்கிக் கையெழுத்து வைத்தாள் என்றுதான் மகனுக்குச் சொல்லியிருந்தேன். போகிறதற்கு முதல்நாள் அவன் விடைபெறப் போனான். அவள் ஒரு பார்சல் கொடுத்தாளாம், அறக்குளாக் கருவாடு.

"அங்க அவனைக் கண்டால் குடு தம்பி. வேற பேரில இருப்பான். ஆரிட்டயும் சொல்லிப்போடாத."

மகன் வந்து இதைச் சொல்லிவிட்டுப் பார்சலைப் பெட்டிக்குள் வைத்தான். பெட்டியை நிறுத்துப் பார்த்தேன். ஒரு கிலோ முந்நூறு கிராம் அதிகம். விமான நிலையத்தில் காசு கேட்பார்கள். அவன் குளிக்கப் போன நேரம் பார்சலை எடுத்து அலுமாரியில் வைத்தேன். அவன் போன பிறகு மூன்று தடவை கறி வைத்தேன். உப்புக் கொஞ்சம் தூக்கல்.

என்னைத் தெருவில் காணும்போதெல்லாம், தம்பி அவனைக் கண்டவனோ என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள். தேடுகிறான் என்று சொல்கிறேன்.

வக்கீல் காசும் விண்ணப்பக் கட்டணமும் மருமகளின் செலவு. மருத்துவச் சோதனை, பொலிஸ் நற்சான்று, கொழும்புப் பயணங்கள், விமானச் சீட்டு, ஆட்டோ, அந்தத் தாய்க்கு எடுத்த பிரதி எல்லாம் என்னுடையது. மரணச் சான்றிதழுக்கான கட்டணத்தை அவள் என்னைக் கட்டவிடவில்லை, பிள்ளைக்குத் தான்தான் கட்டுவேன் என்று நின்றாள். அது நீங்கலாக எனக்கு முடிந்தது ஐந்து லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்று முப்பது ரூபா.