லாகின் காட்டிய பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், மே மாத சீசனில், கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் நடந்தது இது. அங்கே சில தங்கும் விடுதிகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பதுதான் என் சோலி. சீசனில் எந்த முதலாளியும் சிஸ்டத்தை நிறுத்த விடமாட்டார். எதுவானாலும் சீசன் முடியட்டும் என்பது இங்கே எழுதாத சட்டம்.

விடுதிகளில் போட்டிருந்த லாகின் சாஃப்ட்வேரில் ஓட்டை இருக்கிறது, உடனே அப்டேட் போடுங்கள் என்று அதைச் செய்த கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. முழுசாகக்கூடப் படிக்கவில்லை. ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாளில், ஒரு விடுதியில் தங்கியவர்களின் அடையாள அட்டை நகல்கள் வெளியே போய்விட்டன. அவற்றை வைத்து யாரோ போனில் மிரட்டுவதாக, தங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். யார், எப்போது உள்ளே போனார்கள் என்ற பதிவைத் திறந்தேன். விடியற்காலை ஐந்தரை மணி. வரவேற்பில் வேலை பார்த்த பெண்ணின் பெயர் இருந்தது.

அவள் பக்கத்துக் கிராமமான பேத்துப்பாறையைச் சேர்ந்தவள். "அந்நேரம் மாட்டுல பால் பீச்சிக்கிட்டு இருந்தேங்க சார். சத்தியமா நான் இல்லைங்க" என்று அழுதாள். நானோ பெரிய மேதாவி மாதிரி, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. போன்லயே உள்ள போகலாமே" என்றேன். அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் மழையில் ஊர் வெறிச்சோடிக் கிடந்தபோது அப்டேட் போட உட்கார்ந்தேன். மெயிலை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் அளவுக்கு மீறி நீளமாக எதையாவது அனுப்பினால், அது மெமரியில் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, பக்கத்தில் இருப்பதைக் கெடுத்துவிடுமாம். பிறகு பாஸ்வேர்டு சரியா என்றே பார்க்காமல், எந்தப் பெயரைச் சொன்னாலும் உள்ளே விட்டுவிடுமாம். பழைய பதிவைத் தோண்டினேன். அன்று அதே ஐந்தரைக்கு, வெளியூரிலிருந்து அவள் பெயரில் அப்படி நீளமான ஒன்று வந்திருந்தது. அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் பேத்துப்பாறைக்குப் போனேன். பீன்ஸ் தோட்டத்தில் கூலிக்கு நின்றிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"என்கிட்ட சொல்லி என்னங்க சார்? நான் எடுக்கலைன்னு எனக்குத்தான் தெரியுமே. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அன்னைக்குக் கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னீங்களாம். இன்னைக்குச் சொல்லும்ங்கறீங்க. எதைத்தாங்க நம்புறது?" என்றார். முதலாளி திரும்பக் கூப்பிட்டும் அவள் வேலைக்கு வரவில்லை.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், "விடுங்க சார், மெஷின் கோளாறுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று என்னைத்தான் தேற்றுகிறார்கள். எனக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற 'மெஷின் கோளாறு' என்ற அந்த ஒரு வார்த்தையை அன்று அவளுக்கு நான் கொடுக்கவில்லையே என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.